இந்தியாவுக்குப் பயிற்சிக்குப் போகும் வன்னிப் பிள்ளைகள் பையில் முதலில் வைக்க வேண்டியது

இந்தியப் பயிற்சிநெறி ஒன்றுக்கு ஆள் அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தால், எங்கள் கந்தோர்களில் முதலில் எழும் கேள்விகள் மூன்று. எந்த ஊர்? எத்தனை நாள்? படி எவ்வளவு? கேட்கவேண்டிய கேள்விகள்தான். ஆனால், "அங்கே போய் நீ என்னத்தைக் கேட்கப்போகிறாய்?" என்று போகிறவரிடம் யாரும் கேட்பதில்லை. பயிற்சி வீணாகும் இடம் அதுதான் என்பது என் கருத்து. தன் மேசையில் தீராமல் கிடக்கிற ஒரு பிரச்சினையை, அதற்குரிய கணக்குகளோடு கட்டி எடுத்துக்கொண்டு போகாதவருக்கு அந்த இரண்டு மூன்று கிழமையும் கல்விச் சுற்றுலாதான். சான்றிதழும் குழுப்படமும் மிஞ்சும்.

அதிகம் பேர் போவது ஐடெக் வழியாக. இந்திய வெளியுறவு அமைச்சு 1964 செப்டெம்பர் 15 அன்று தொடங்கிய தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்புத் திட்டம் அது. போய்வரும் விமானச்சீட்டு, பாடக்கட்டணம், தங்குமிடம், வாழ்க்கைப்படி, புத்தகப்படி எல்லாம் அவர்கள் பொறுப்பு. வயது பொதுவாக 25 முதல் 45 வரை. அரச ஊழியருக்கு மட்டும்தான் என்ற பேச்சு எங்கள் பக்கம் பலமாக இருக்கிறது, அது பிழை. தனியார் துறை, பல்கலைக்கழகம், வணிகச் சங்கம் சார்ந்தவர்களும் விண்ணப்பிக்கலாம். அறிவியல்நகரில் ஜேர்மன் பயிற்சி நிலையத்தில் படிப்பித்துக் கொண்டிருக்கும் ஒரு போதனாசிரியரும், வவுனியாப் பல்கலைக்கழகத்தின் இளம் விரிவுரையாளரும் சென்னை தரமணியில் இருக்கும் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தின் பாடநெறிகளைப் பார்த்து வைத்திருக்க வேண்டும். விவசாய விரிவாக்கம் என்றால் ஹைதராபாத் ராஜேந்திரநகரில் உள்ள தேசிய விவசாய விரிவாக்க முகாமைத்துவ நிறுவனம். காற்றாலை என்றால் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்றுச் சக்தி நிறுவனம்.

இணையத்தில் விண்ணப்பத்தை நிரப்புவது அரை நாள் வேலை. கடிதம் கையொப்பம் வாங்கி ஏறி இறங்குவதுதான் நீண்ட வேலை. அரச ஊழியரின் கடிதம் திணைக்களத்தில் இருந்து அமைச்சுக்கும், அங்கிருந்து வெளிநாட்டு வளங்கள் திணைக்களத்துக்கும் போய்த்தான் இந்திய உயர்ஸ்தானிகராலயத்துக்குப் போகும். மாகாண ஊழியர் என்றால் நடுவில் மாகாணத்தின் மேசைகளும் சேரும். ஆகவே பாடநெறி தொடங்கும் நாளில் இருந்து பின்னோக்கி மூன்று மாதம் எண்ணுங்கள், அன்று கடிதம் உங்கள் கையை விட்டுப் போயிருக்க வேண்டும். நாட்டுக்கு வெளியே போவதற்கான விடுமுறைப் படிவம், அதாவது பொது 126, அதோடு சேர்ந்தே போகட்டும். அனுமதி வந்த பிறகு விடுமுறைக்கு எழுதலாம் என்று இருந்து, விமானச்சீட்டு கையில் இருக்க விடுமுறை கிடைக்காமல் நிற்பது அடிக்கடி நடக்கிற விஷயம்.

வன்னிக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது, பெயர். இடம்பெயர்வில் மூலப் பத்திரங்களைத் தொலைத்து, பிறகு பிரதி எடுத்தவர்கள் எங்கள் தலைமுறையில் கொஞ்சப் பேர் இல்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, உயர்தரச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும், கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக. சிலரிடம், பிறப்புப் பதிவு இல்லாதவருக்குக் கொடுக்கும் உத்தேச வயதுச் சான்றிதழ் மட்டும்தான் இருக்கும். இந்தியப் படிவமோ குடும்பப் பெயர், இடப்பட்ட பெயர் என்று இரண்டு பெட்டிகள் போட்டுக் கேட்கும். இங்கே ஒரே விதிதான்: கடவுச்சீட்டில் எந்தப் பெயர் எந்தப் பெட்டியில், என்ன எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ, விண்ணப்பம், விசா, விமானச்சீட்டு மூன்றிலும் அதே. 'த'வை ஒருமுறை DH என்றும் ஒருமுறை TH என்றும் எழுதினால் கணினிக்கு நீங்கள் இரண்டு ஆள். மற்றப் பத்திரங்களில் வேறு மாதிரி இருந்தால், இரு பெயரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டில் இன்னும் ஆறு மாதமாவது காலம் இருக்க வேண்டும், இரண்டு பக்கமாவது வெறுமையாக இருக்க வேண்டும்.

விசாப் படத்திலும் ஆட்கள் மாட்டுப்படுகிறார்கள். இங்கே ஸ்டூடியோக்காரர் எடுத்துத் தருவது கடவுச்சீட்டு அளவு, நீளவாக்கில் இருக்கும். இந்தியா கேட்பது 2 அங்குலத்துக்கு 2 அங்குலச் சதுரம், வெள்ளைப் பின்னணி. கேட்டு எடுங்கள். சுற்றுலா விசா கெதியாகக் கிடைக்கிறது, அதில் போய் இறங்கிவிட்டு அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அங்கே மாற்ற முடியாது. 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் இறங்கி 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். குறுகிய பாடநெறிக்கு அது தேவையில்லை, ஆனால் தங்குமிடம் உங்கள் வருகையை 24 மணித்தியாலத்துக்குள் அதிகாரிகளுக்கு அறிவித்தாக வேண்டும். விடுதி என்றால் தானாகச் செய்வார்கள். சனி ஞாயிறு சொந்தக்காரர் வீட்டில் நிற்பதாக இருந்தால் பாடநெறிப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். எங்கள் ஆட்களுக்கு தமிழ்நாட்டில் சொந்தம் அதிகம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பாடநெறிகள் பலவற்றில் தொடக்க நாட்களிலேயே ஒவ்வொருவரும் தன் நாட்டைப் பற்றி ஒரு 10, 15 நிமிடம் பேச வேண்டி வரும். நாட்டு அறிக்கை என்பார்கள். எங்கள் பிள்ளைகள் விடுதியில் இரவிரவாக இருந்து இணையத்தில் சிகிரியாப் படமும், தேயிலைத் தோட்டமும், நாட்டின் மொத்தச் சனத்தொகையும் எடுத்துப் போடுகிறார்கள். அதைக் கேட்டு ஆபிரிக்க நாட்டில் இருந்து வந்த பொறியியலாளரோ, படிப்பிக்கிற பேராசிரியரோ உங்களிடம் என்ன கேட்க முடியும்?

நீர்ப்பாசனப் பயிற்சிக்குப் போகிறவர் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துக் கணக்குகளோடு போகட்டும். கனகராயன் ஆறு, மண் அணைக்கட்டு, புனரமைப்புக்குப் பிறகு 119,500 ஏக்கர் அடிக் கொள்ளளவு. ஆனால் இந்த எண்ணை அப்படியே சொன்னால் சென்னையில் பாதிப் பேருக்கு ஏறாது. அங்கே அணைக்கட்டுக் கணக்கு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி. ஒரு ஏக்கர் அடி 43,560 கன அடி. பெருக்கினால் இரணைமடு ஏறத்தாழ 5.2 டி.எம்.சி. சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் செம்பரம்பாக்கம் ஏரி 3.6 டி.எம்.சி.தான். "உங்கள் செம்பரம்பாக்கத்தை விடப் பெரிய குளம், சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் விடலாம் என்று ஒவ்வொரு வருடமும் கமக்காரர் கூட்டத்தில் தீர்மானிக்கிறோம், வாய்க்கால் கடைசியில் இருக்கிறவருக்குத் தண்ணீர் போய்ச்சேருவதில்லை, இந்தாருங்கள் பத்து வருட நீர்மட்டம்" என்று நான்கு படத்தோடு நின்று பாருங்கள். தேநீர் இடைவேளையில் ஆட்கள் உங்களைத் தேடி வருவார்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் வான்கதவுகள் திறந்த நேர ஒழுங்கு கையில் இருந்தால் இன்னும் நல்லது.

அலகு மாற்றம் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் அங்கேதான் பேச்சு முறியும். நாங்கள் விளைச்சலை மூடையில், புசலில் சொல்கிறோம். அவர்கள் குவிண்டாலில், அதாவது 100 கிலோவில் சொல்கிறார்கள். நாங்கள் ஏக்கரைப் பரப்பாகவும் பேர்ச்சாகவும் உடைக்கிறோம், தமிழ்நாட்டில் 100 சென்ற். எண்களுக்குள் காற்புள்ளியும் வேறு: நாங்கள் 100,000 என்று எழுதுவதை அவர்கள் 1,00,000 என்று எழுதுவார்கள். போக முதல் உங்கள் கணக்கெல்லாவற்றையும் கிலோ, ஹெக்டேயர், கன மீட்டருக்கு மாற்றி ஒரு தாளில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் மூடை எத்தனை கிலோ என்பதையும் எழுதுங்கள், அது இடத்துக்கிடம் மாறும்.

மன்னாரில் இருந்து காற்றாலைப் பயிற்சிக்குப் போகிறவருக்கும் இதே கதைதான். மன்னார்த் தீவில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனியில் 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவாற். அதை எல்லாரும் சொல்வார்கள். நீங்கள் கொண்டுபோக வேண்டியது 10 நிமிடச் சராசரிக் காற்று வேகப் பதிவு, குறைந்தது ஒரு முழு வருடத்துக்கு, அளந்த உயரத்தோடு. ஒரு வருடம் ஏன் என்றால் சோளகம் வீசும் மாதங்களை மட்டும் பார்த்தால் கணக்கு ஊதிப்போகும், வாடைக்காலமும் இடைப்பட்ட ஓய்ந்த மாதங்களும் உள்ளே வரவேண்டும். சக்தி வேகத்தின் மும்மடியில் ஏறுகிறது: செக்கனுக்கு 6 மீட்டரை 7 என்று பிழையாக எடுத்தால் 216க்குப் பதில் 343, ஐம்பது வீதத்துக்கும் மேலான பிழை. இந்தப் பதிவு மடிக்கணினியில் இருந்தால், வகுப்பில் மென்பொருள் பழக்கும்போது மற்றவர்கள் மாதிரித் தரவில் பழகுவார்கள், நீங்கள் மன்னார்க் காற்றில் பழகுவீர்கள். சோளகம், கச்சான், வாடை, கொண்டல் என்று கடற்றொழிலாளர் சொல்லும் பெயர்களுக்கு எதிரே திசைப் பாகையை எழுதி ஒரு வரைபடம் செய்யுங்கள், கடற்கரை மக்களோடு திட்டம் கதைக்கும்போது அதுதான் உதவும்.

விவசாயப் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. மண் மாதிரியைப் போத்தலில் போட்டுக்கொண்டு போகாதீர்கள், அனுமதி இல்லாமல் மண் கொண்டுபோக முடியாது. பரிசோதனை அறிக்கையைக் கொண்டுபோங்கள். திரும்பி வரும்போது ஆசையில் விதையும் நாற்றும் வாங்கிப் பைக்குள் வைப்பதும் அதே மாதிரித்தான். தாவரத் தடுப்புக்காப்பு அனுமதி இல்லாத நாற்றோடு என்ன நோய் வன்னி வயலுக்குள் வரும் என்று பயிற்சி எடுத்தவருக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

பணத்தைப் பற்றி இரண்டு விஷயம். படி முதல் நாளே கைக்கு வரும் என்று நம்பிப் போகவேண்டாம், பத்து நாளுக்குக் காணும் காசு கையில் இருக்கட்டும். அங்கே தேத்தண்ணிக் கடையில்கூட யூபிஐ, அதாவது போன் வழியாகக் காசு கட்டும் முறை, ஆனால் இந்திய வங்கிக் கணக்கு இல்லாமல் சாதாரணமாக அது உங்களுக்கு வேலை செய்யாது. 500 ரூபாய்த் தாளுக்கு ஓட்டோவில் மிச்சக்காசு கிடைக்காது, 20, 50 தாள்களாக மாற்றி வையுங்கள். அட்டை எடுத்துப்போகிறவர்கள் வெளிநாட்டுப் பாவனையை வங்கியில் சொல்லித் திறந்துவிடுங்கள். அதைவிட முக்கியம், உங்கள் இலங்கை சிம்மில் ரோமிங்கை இங்கிருந்தே போடுங்கள். அட்டையால் காசு கட்டும்போது வங்கி அனுப்பும் ஒருமுறை இரகசிய இலக்கம் அந்த நம்பருக்குத்தான் வரும். அந்த சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு இந்திய சிம்மைப் போட்டால் அட்டை இருந்தும் பயனில்லை. இரண்டு சிம் போடும் போன்தான் வேண்டும்.

கையடக்கச் சாமான்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். இப்போது இங்கே வாங்கும் சார்ஜர்களின் பின் சதுரம், அங்கே சுவரில் இருப்பது உருண்டைத் துளை. ஒரு மாற்றி 2 நிமிடத்தில் வாங்கலாம், வாங்காமல் போனால் முதல் இரவே மடிக்கணினி செத்துவிடும். டில்லிப் பக்கம் மார்கழி, தையில் போகிறவர் கம்பளிச் சட்டை இல்லாமல் போகக்கூடாது, வன்னிப் பனியை வைத்து அந்தக் குளிரைக் கணக்குப் போட முடியாது.

மொழியில் பயப்பட வேண்டியது ஹிந்தியை அல்ல, வகுப்பில் வேகமாக வரும் ஆங்கிலத்தை. போக முதல் ஒரு மாதம், நாளுக்கு அரை மணித்தியாலம் உங்கள் துறையின் விரிவுரைகளை ஆங்கிலத்தில் கேளுங்கள். விளங்காத இடத்தில் கையை உயர்த்துங்கள், வாய்மூடி இருந்துவிட்டுப் பிறகு குறிப்பைப் பார்த்துக் கொள்ளலாம் என்பது எங்கள் பள்ளிக்கூடப் பழக்கம், அங்கே அது எடுபடாது. சென்னையில் எங்கள் தமிழே சிலநேரம் நிற்கும்: குளிசை என்றால் விளங்காது, மாத்திரை என்று கேட்க வேண்டும்.

திரும்பி வந்த பிறகு நடப்பதில்தான் எனக்குப் பெரிய கவலை. கடைசி நாட்களில் ஊருக்குப் போய் என்ன செய்வேன் என்று ஒரு செயற்திட்டம் எழுதித் தரச் சொல்வார்கள். பெரும்பாலும் அது 'விழிப்புணர்வு ஏற்படுத்துவேன்' என்று முடிகிறது. வந்தவுடன் அந்த உத்தியோகத்தருக்கு இடமாற்றம், அல்லது வேறு பிரிவு, அல்லது தேங்கிக் கிடக்கும் கோவைகள். மேலதிகாரிகளைக் கேட்கிறேன்: பிணைமுறியில் எத்தனை வருடம் சேவை செய்யவேண்டும் என்று எழுதி வாங்குகிறீர்கள், எந்த வேலையில் என்று ஏன் எழுதுவதில்லை? வந்து ஒரு மாதத்துக்குள் சக ஊழியருக்கு இரண்டு நாள் வகுப்பு, தமிழில், அதே பிரச்சினையை வைத்து. இதற்குத் தனி நிதி தேவையில்லை.

போகிறவர்களே, செயற்திட்டத்தை அங்கே போய் எழுதாதீர்கள், இங்கேயே முதல் வரைவை எழுதுங்கள். ஒரு பக்கம் போதும்: எந்த வாய்க்கால், எந்தக் கிராமம், இப்போதைய அளவு என்ன, எந்த அளவுக்குக் கொண்டுவர வேண்டும், அதற்கு எனக்குத் தெரியாதது என்ன. மேலதிகாரியின் கையொப்பத்தை அதில் வாங்கி, ஒரு பிரதியை அவரிடம் விட்டுவிட்டு, மற்றதைக் கடவுச்சீட்டோடு வையுங்கள்.