லவ்விங் கவுண்டி பற்றி ஒரு திருத்தம்

மேலே நண்பர் ஒருவர், அமெரிக்காவின் டெக்சாஸிலுள்ள லவ்விங் கவுண்டி (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) 1887 முதல் இடைவிடாமல் தன்னாட்சியில் இருப்பதாகவும், 64 பேருக்காக ஒரு நீதிபதி வழக்கும் கேட்டு ஆட்சியும் நடத்துவதாகவும் எழுதியிருக்கிறார். 64 என்பது 2020 கணக்கெடுப்பின்படி சரிதான். மற்றதில் பாதிதான் உண்மை.

1887இல் எல்லை வகுத்தார்கள், அவ்வளவே. உள்ளாட்சி அமைந்தது 1893இல். அதுவும் ஒரு பாசனக் கம்பெனிக்காரர்கள் முன்நின்று நடத்திய, முறைகேடு மலிந்த தேர்தலால். 1897இல் சட்டமன்றமே அதைக் கலைத்து, பக்கத்து ரீவ்ஸ் கவுண்டியோடு சேர்த்துவிட்டது. எண்ணெய் கிடைத்து ஆட்கள் வந்தபின் 1931இல்தான் மறுபடி அமைந்தது. டெக்சாஸில் இப்படி இரண்டு முறை அமைக்கப்பட்ட கவுண்டி இது ஒன்றுதான். இதை விட்டுவிட்டு வரலாறு சொல்வது அந்த ஊருக்குச் செய்யும் அநியாயம்.

நண்பர் சொன்ன நீதிபதி, அதாவது கவுண்டி ஜட்ஜ், தனியாள் ஆட்சி நடத்துவதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட நான்கு கமிஷனர்களோடு உட்கார்ந்துதான் பட்ஜெட், சொத்து வரி, சாலை எல்லாம் முடிவாகும். அவருக்கு ஒரு வாக்குதான். வக்கீலாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. உயில், சிறு குற்ற வழக்குகளை அவர் கேட்கலாம். கொலை, பெருங்கொள்ளை போன்றவை 143ஆவது மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். அது ரீவ்ஸ், வார்டு கவுண்டிகளுக்கும் பொது.