அந்தக் கேள்விக்கு நேரம் இல்லையாம்

நிலக்கரியை நிறுத்தினால் நெய்வேலி என்ன ஆகும் என்று நிபுணர்கள் பேசிய கூட்டத்தின் வீடியோவை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள், மறுபடி முழுசாக விவரிக்கப் போவதில்லை. நான் அந்த அரங்கில்தான் இருந்தேன், ஐந்தாவது வரிசையில். நீலச் சட்டைப் பெரியவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "சார், இதுல காண்ட்ராக்ட் ஆளுங்க எங்க வர்றாங்க?" மேடையில் ஒருவர் சிரித்தார். நெறியாளர், "நல்ல கேள்விங்க, ஆனா இது கொள்கை அளவிலான அமர்வு, நேரமும் இல்ல" என்று சொல்லி மைக்கை வாங்கிவிட்டார். அப்புறம் கால் மணி நேரம் பொன்னாடையும் நினைவுப் பரிசும். அதற்கு நேரம் இருந்தது.

மூன்று நாளாக அந்த நெறியாளருக்கு வக்காலத்து வாங்குகிற நண்பர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்று. நெட் ஜீரோ வேண்டும், அதாவது காற்றில் விடுகிற கரிம வாயுவும் திரும்ப உறிஞ்சுவதும் சமமாக வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் "நீ நிலக்கரிக் கட்சியா" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். அதற்கு 2070 என்று 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் இந்தியா தேதி சொல்லிவிட்டது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி ஈரம் மிகுந்தது, எரித்தால் புகைதான் அதிகம். ஒருநாள் அது நிற்கத்தான் வேண்டும். நிற்கிற நாளில் யார் யார் பேர் பட்டியலில் இருக்கும்? பெரியவர் கேட்டதும் அதுதான், நான் கேட்பதும் அதுதான்.

என் தாய்மாமாவுக்கு நெய்வேலியை அடுத்த மந்தாரக்குப்பத்தில் ஒரு டிபன் கடை. விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு பற்ற வைத்துவிடுவார், ஷிப்டுக்குப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு போகக்கூடாது என்று. அவரிடம் நீள வாக்கில் மடித்த ஒரு கணக்கு நோட்டு உண்டு. பெல்ட் குமார், கிரேன் மணி, சாம்பல் பெரியசாமி. எல்லாம் செய்கிற வேலையை வைத்து மாமா போட்ட பேர். கன்வேயர் பெல்ட்டில் நிற்பவர் பெல்ட், சாம்பல் அள்ளுபவர் சாம்பல். நான்கு இட்லி, ஒரு வடை, டீ, கணக்கு. சம்பளம் வந்ததும் பேர் மேல் கோடு. அந்த நோட்டில் இருப்பவர்களில் பாதிப்பேருக்கு மேல் ஒப்பந்த ஆட்கள். நிபுணர்களின் நூற்றுச்சொச்சம் பக்க அறிக்கையைப் புரட்டிப் பார்த்தேன். "தொழிலாளர்" என்று வருகிற இடமெல்லாம் நிரந்தர ஊழியர். சாம்பல் பெரியசாமி எங்கும் இல்லை. மாமாவும் இல்லை.

"ஒரு கூட்டத்தில் எல்லாவற்றையும் பேச முடியுமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். முடியாதுதான். ஆனால் இது வெறும் பேச்சு இல்லை, ஏற்கெனவே நடந்தது. தென்னாப்பிரிக்காவில் கோமாட்டி அனல்மின் நிலையத்தை 2022 அக்டோபரில் மூடினார்கள். உலக வங்கிப் பணம், சூரிய ஒளி, பேட்டரி, மறுபயிற்சி, எல்லாம் திட்டத்தில் இருந்தது. நிரந்தர ஊழியர்களை வேறு நிலையங்களுக்கு மாற்றினார்கள். ஒப்பந்த ஆட்களுக்கு வேலை போனது, அவர்களை நம்பியிருந்த சின்னக் கடைகள் படுத்தன. இது அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கான பதில்தானே? மேடையில் இருந்தவர்களுக்கு கோமாட்டி தெரியாமலா இருக்கும்? ஸ்லைடில் கோமாட்டியின் படமே இருந்தது!

ஜெர்மனியையும் காட்டினார்கள். 2018இல் அங்கே நிலக்கரி ஆணையம் அமைத்தபோது தொழிற்சங்கத்தையும், சுரங்கப் பகுதி ஊர்க்காரர்களையும், சூழலியலாளர்களையும், முதலாளிகளையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள். 2038 கடைசி என்று முடிவானது, சுரங்கப் பகுதிகளுக்கு 40 பில்லியன் யூரோ என்று தொகையும் முடிவானது. அதிலும் ஆயிரம் சண்டை. ஆனால் மேசையில் யார் உட்கார்ந்தார்கள் என்பதைப் பாருங்கள். நம் மேடையில் ஆறு பேர். ஆறு பேரும் நிபுணர்.

"அப்போ நிபுணர்களே வேண்டாமா?" வேண்டும் ஐயா, வேண்டும். நிலத்தடி நீரை இறைத்து இறைத்துத் தோண்டிய ஒரு சுரங்கத்தை எப்படி மூடுவது என்று என் மாமாவுக்குத் தெரியாது. ஆனால் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, சம்பந்தப்பட்டவர்களோடு எல்லா மட்டத்திலும் பேச வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது. நிபுணர்கள் எழுதியதை நிபுணர்களே படிக்கவில்லை என்றால் நான் என்ன செய்வது?

"நெய்வேலியை யார் இப்போது மூடப் போகிறார்கள்?" என்பது இன்னொருவர். 1962 முதல் ஓடிய 600 மெகாவாட் நிலையத்தை 2020 செப்டம்பரில் மூடினார்களே, மறந்துவிட்டதா? பக்கத்திலேயே 1000 மெகாவாட்டில் புதிது வந்ததால் யாருக்கும் உறைக்கவில்லை, அதுவும் பழுப்பு நிலக்கரிதான். அடுத்த முறையும் பக்கத்தில் புதிது இருக்கும் என்று என்ன நிச்சயம்?

நெய்வேலிச் சுரங்கத்துக்காக நிலம் எடுத்த வளையமாதேவி கிராமத்தைப் பற்றிக் கேட்டவருக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. 2023 ஜூலையில் நின்ற பயிரில் பொக்லைன் இறங்கியதை எல்லாரும் பார்த்தோம். அந்த விவசாயி, மூடினால் மகிழ்ச்சி என்பார். சரிதான். அவர் பேரும் பட்டியலில் இருக்கட்டும்.

பணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்காக மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று 2015இல் சட்டமே போட்டார்கள். 2010இல் தூய ஆற்றலுக்கு என்று நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் வரி போட்டு, அதை 400 வரை ஏற்றி, கடைசியில் 2017இல் அது, ஜிஎஸ்டியால் மாநிலங்களுக்கு வந்த வருமான இழப்பை ஈடுகட்டும் கணக்குக்குப் போனது. தூய ஆற்றல் பேரைச் சொல்லி வாங்கிய காசு அது.

மறுபயிற்சி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிகிறது. மாமா மகன் ஒரு தனியார் மையத்தில் மூன்று மாதம் சோலார் படித்தான். சான்றிதழை லேமினேட் செய்து, கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். வேலை என்று வந்தது ராஜஸ்தானில், அதுவும் பேனல் மாட்டி முடிக்கும்வரை. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் கட்டியபோது ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டியிருந்தது. கட்டி முடித்த பிறகு பேனல் துடைப்பதற்கு ரோபோ. அவன் இப்போது சட்னி அரைக்கிறான், பெல்ட் குமாருக்குப் பரிமாறுகிறான்.

இவ்வளவு எழுதியும் எனக்குக் கோபம் நெறியாளர்மேல் இல்லை போலிருக்கிறது. அவர் தமிழில்தான் பேசினார், மரியாதையாகத்தான் பேசினார், "நல்ல கேள்விங்க" என்றுகூடச் சொன்னார். அந்த "ங்க"தான் உறுத்துகிறது. சின்ன வயதில் நோட்டு வாங்கப் பணம் கேட்டு நின்றபோது எங்களிடம் அப்படித்தான் பேசுவார்கள். பெரியவர் உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார். இன்னும் இரண்டு கேள்விகள் அதில் எழுதியிருந்திருக்க வேண்டும். எனக்குப் பின்வரிசைதான், திரும்பி அவரிடம் என்ன என்று கேட்டிருக்கலாம். நான் எழுந்து, "அவர் பேசட்டும்" என்றும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வரிசையில் நின்று பன்னீர் டிக்கா வாங்கினேன். அவர் சாப்பிடாமல் போய்விட்டார் என்பதே அப்புறம்தான் தெரிந்தது.

அன்று ராத்திரி மாமா போன் செய்தார். கூட்டம் எப்படி என்று கேட்டார். நம்ம ஊர் பற்றிப் பேசினார்கள் என்றேன். "அப்படியா, சந்தோஷம் மாப்ள. சாப்பாடெல்லாம் நல்லா போட்டாங்களா?"

நல்லா இருந்தது மாமா என்றேன்.