டி.எஸ்.எச். நார்மல் என்றால் தைராய்டு குறையே இல்லையா?

"டி.எஸ்.எச். நார்மலா இருந்தா தைராய்டு பிரச்சினையே கிடையாது, மற்ற டெஸ்ட் எல்லாம் வீண் செலவு" என்று கடலூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. பாதிதான் உண்மை. டி.எஸ்.எச். என்பது தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன். தைராய்டு சுரப்பியே பழுதாகிச் சுரப்பு குறைந்தால் அது ஏறும், பெரும்பாலானவர்களுக்கு அந்த டெஸ்டிலேயே தெரிந்துவிடும், சரி. ஆனால் டி.எஸ்.எச்.சைச் சுரப்பதே மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான். அதுவே கெட்டுப்போனால் அந்த எண் குறைவாகவோ நார்மலாகவோ, சில சமயம் லேசாகக் கூடியோகூட இருக்கும். அப்போது பார்க்க வேண்டியது ஃப்ரீ டி4, அதாவது ரத்தத்தில் இருக்கும் தைராய்டு ஹார்மோனின் அளவு. அது குறைந்திருந்தும் டி.எஸ்.எச். 2 என்று நின்றால் அது நல்ல செய்தி இல்லை.

பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய், பால் சுரக்காமல், மாதவிடாயும் திரும்பாமல், எப்போதும் அசதி, குளிர் தாங்கவில்லை என்று சொல்லும் பெண்ணை "உடம்பு தேற நாளாகும்" என்று விட்டுவிடுகிறோமே, அதுதான் என்னை உறுத்துகிறது. அது பிரசவ ரத்தப்போக்கால் பிட்யூட்டரி பழுதாகும் ஷீஹான் நோயாக இருக்கலாம்.

அப்புறம், நீங்களாக மெடிக்கலில் தைராக்ஸின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) வாங்கிப் போடாதீர்கள். பிட்யூட்டரி பழுதால் அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனான கார்டிசாலும் குறைந்திருந்தால், அதைச் சரிசெய்யாமல் தைராக்ஸின் எடுப்பது உயிருக்கே ஆபத்து. அதனால்தான் காலை 8 மணி வாக்கில் ரத்தம் எடுத்து முதலில் கார்டிசால் பார்ப்பார்கள், பிட்யூட்டரியைப் பார்க்க எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுக்கச் சொல்வார்கள். புதுச்சேரி ஜிப்மரில் இதற்கென்றே நாளமில்லாச் சுரப்பிப் பிரிவு இருக்கிறது, பழைய ரிப்போர்ட்டுகளோடு போங்கள்.