எலி சாகவில்லை, சரி. அதனால்?

"எலிகளில் சோதித்துப் பாதுகாப்பானது என்று நிரூபிக்கப்பட்ட மூலிகை மருந்து" என்று யாராவது பகிர்ந்தால் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான். எத்தனை நாள் கொடுத்தார்கள்?

பல நேரம் ஆறு எலிக்கு ஒரே ஒரு வேளை. கிலோ எடைக்கு 2000 மில்லிகிராம் சாறு, முனை மழுங்கிய குழாய் வழியாக நேரே இரைப்பைக்குள். எலிக்கு வாந்தி எடுக்க வராது, உள்ளே போனது போனதுதான். அப்புறம் 14 நாள் கவனிப்பார்கள், ரோமம் சிலிர்க்கிறதா, நடுக்கம் உண்டா, எடை இறங்குகிறதா என்று. சாகவில்லையா, "நச்சுத்தன்மை இல்லை" என்று கட்டுரை வந்துவிடும். அதிலும் சோதித்தது ஆல்கஹாலில் எடுத்த சாறாக இருக்கும், மனிதர்கள் மாசக்கணக்கில் குடிப்பதோ தண்ணீரில் காய்ச்சிய கஷாயம்!

அதற்காக "ஆயிரம் வருஷமாகக் குடிக்கிறோம், எலி என்ன சொல்வது" என்பவர்கள் பக்கமும் நான் இல்லை. குடித்தவுடன் வயிற்றைப் பிடுங்கினால் பரம்பரை அனுபவம் அதைக் கண்டுகொள்ளும். வருஷங்கள் கழித்துச் சிறுநீரகம் போனால், என்றோ குடித்த வேரோடு அதை யார் முடிச்சுப் போடுவார்கள்? ஆடுதின்னாப்பாளை, ஈசுவரமூலி என்ற மூலிகைகள் இரண்டும் சேர்ந்த அரிஸ்டோலோகியா இனத்தில் இருக்கும் அமிலம் எலிகளுக்குப் புற்றுநோய் தருவது 1980களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் இளைக்கக் கொடுத்த மாத்திரைகளில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக இந்த இனச் செடி நுழைந்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரகத்தைக் கெடுத்தது, பெரும்பாலும் பெண்கள், சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோய் வேறு. எலி பத்து வருஷம் முன்பே சொன்னது அவர்களுக்கு உதவவில்லை.

எலி எல்லாவற்றையும் சொல்லிவிடாது, அதுவும் தெரியும். சில செடிகளில் இருக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற நச்சு எலியின் கல்லீரலை அரித்துவிடும், கினிப்பன்றி அதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் கல்லீரல் பாதிப்பு ஆறு எலியில் எப்படித் தெரியும்?

செய்வதானால் 90 நாள் சோதனை செய்யுங்கள். மூன்று அளவுகள், ஆணும் பெண்ணும், ரத்தம், கடைசியில் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சீவி நுண்ணோக்கியில் பார்ப்பது. குறைந்தது 80 எலிகள் போகும், மனசுக்குக் கஷ்டம்தான். ஆனால் பதில் தராத சோதனைக்கு ஆறு எலியைக் கொல்வது எனக்கு இன்னும் பெரிய பாவமாகப் படுகிறது. அதற்கும் முன்னால், பையில் இருப்பது சீட்டில் எழுதிய மூலிகைதானா என்று பாருங்கள். அதற்கு, சாறில் உள்ள வேதிப்பொருட்களைப் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராபி சோதனை போதும். பெல்ஜியத்தில் தவறிய இடமே அதுதான், அங்கே ஒரு எலிகூடத் தேவைப்பட்டிருக்காது.