கிணற்றில் விஷம் கலந்த கதை பொய்: வாட்ஸப் தகவலுக்கு விளக்கம்

"1348ல் ஐரோப்பாவில் கோடிக்கணக்கானோர் செத்ததற்குக் காரணம் யூதர்கள் கிணறுகளில் விஷம் கலந்தது, அவர்களே ஒப்புக்கொண்டார்கள், அவர்களுக்கு மட்டும் நோய் வரவில்லை" என்று ஒரு தகவல் சுற்றி வருகிறது. முழுப் பொய்.

அது பிளேக், எர்சினியா பெஸ்டிஸ் என்ற பாக்டீரியாவால் வருவது. அந்தக் காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த லண்டன் ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்டு இடுகாட்டுப் பற்களிலிருந்தே அதன் மரபணுவை எடுத்து, 2011ல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். தேடினால் கிடைக்கும்.

சரி, ஒப்புக்கொண்டார்களே? ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள சில்லோன் கோட்டையில் சித்திரவதை செய்து வாங்கிய வாக்குமூலம் அது. அதன் நகல்களை ஊர் ஊராக அனுப்பினார்கள், அப்புறம் பாசல், ஸ்ட்ராஸ்பர்க் என்று யூதர்களை உயிரோடு எரித்தார்கள். ஸ்ட்ராஸ்பர்க்கில் அது நடந்தது 1349 பிப்ரவரி 14, அன்றைக்கு அந்த ஊருக்குள் பிளேக் நுழையவே இல்லை! அவர்களிடம் வாங்கிய கடன்களெல்லாம் ரத்தாயின, ரொக்கத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பணம்தான் அவர்களைக் கொன்ற விஷம் என்ற பொருளில் அந்த ஊர்க்காரர்களின் பழைய வரலாற்றுக் குறிப்பே சொல்கிறது.

யூதர்களுக்கு நோய் வரவில்லை என்பதை அன்றைய போப் ஆறாம் கிளெமென்ட்டே மறுத்திருக்கிறார். யூதர்களும் சாகிறார்கள், யூதர்களே இல்லாத இடங்களிலும் நோய் இருக்கிறது என்று 1348லேயே ஆணை எழுதினார். பல ஊர்களில் கேட்கத்தான் ஆளில்லை.

தயவுசெய்து அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள், குழுவில் ஏற்கெனவே போட்டிருந்தால் நீக்கிவிடுங்கள்.