காலின் கவுண்டிக்குப் புதிய நீதிமன்றம் வீண்செலவு அல்ல

வடக்கு டெக்சஸில், காலின் கவுண்டியில் (கவுண்டி என்பது மாநிலத்துக்குக் கீழுள்ள உள்ளாட்சிப் பிரிவு) வாழும் நம் குடும்பங்கள் வீட்டு விலையையும் பள்ளி எல்லைகளையும் பற்றிப் பேசும் அளவுக்கு நீதிமன்றங்களைப் பற்றிப் பேசுவதில்லை. எப்போதாவது புதிய நீதிமன்றம் பற்றிய பேச்சு வந்தால், இன்னொரு நீதிபதிக்காக நாம் இன்னும் வரி கட்ட வேண்டுமா என்ற கேள்வியோடு அது முடிந்துவிடுகிறது. கேள்வியில் தவறில்லை. இந்த மாநிலத்தில் வருமான வரி கிடையாது. கவுண்டி நடப்பது பெரும்பாலும் நம் சொத்து வரியில்தான். ஆனாலும் வளரும் கவுண்டி புதிய நீதிமன்றத்தைக் கேட்டுப் பெற வேண்டும், அதையும் வழக்குகள் தேங்கிய பிறகல்ல, தேங்கும் முன்பே கேட்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2010 கணக்கெடுப்பில் காலின் கவுண்டியின் மக்கள்தொகை 7,82,341. 2020இல் அது 10,64,465. ஃபிரிஸ்கோ நகரில் 2000ஆம் ஆண்டில் சுமார் 34,000 பேர் இருந்தார்கள். இருபது ஆண்டுகளில் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். இதனால் குற்றம் பெருகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. வாகனங்கள், வாடகை ஒப்பந்தங்கள், சிறுதொழில்கள், திருமணங்கள் எல்லாம் பெருகும்போது அவற்றில் ஒரு பகுதி நீதிமன்றத்துக்கு வந்துதான் சேரும்.

சாலையையோ பூங்காவையோ போல நீதிமன்றத்தைக் கவுண்டி தானாக உருவாக்கிக்கொள்ள முடியாது என்பதைப் பலர் அறிவதில்லை. மாவட்ட நீதிமன்றமானாலும், அதற்குக் கீழுள்ள கவுண்டி சட்ட நீதிமன்றமானாலும், மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றினால்தான் பிறக்கும். அந்தச் சட்டமன்றமோ ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், ஜனவரி தொடங்கி அதிகபட்சம் 140 நாட்கள் கூடும். அந்தக் கூட்டத்தொடரைத் தவறவிட்டால் அடுத்ததற்கு இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்; இடையில் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டவும், அதில் எதைப் பேசுவது என்று தீர்மானிக்கவும் ஆளுநருக்கு மட்டுமே அதிகாரம் உண்டு. ஆகவே நெரிசலைக் கண்ணால் பார்த்த பிறகு கேட்கலாம் என்று இருந்துவிடும் கவுண்டி, அந்த நெரிசலோடு மேலும் சில ஆண்டுகள் வாழ வேண்டியதுதான்.

அந்த ஆண்டுகளின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. கவுண்டி சட்ட நீதிமன்றங்கள் முக்கியமாக விசாரிப்பவை சிறு குற்ற வழக்குகள். முதன்முறை குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகப் பிடிபட்டவர் மீதான வழக்கு பொதுவாகச் சிறு குற்றங்களில் பி வகுப்பில் சேரும். அதற்கு உச்சபட்சத் தண்டனை 180 நாள் சிறை. அதைவிடக் கடுமையான ஏ வகுப்புக்கு ஓராண்டு. ஜாமீன் பணம் கட்ட முடிந்தவர் வீட்டிலிருந்தபடி வாய்தாக்களுக்கு வந்து போவார். கட்ட முடியாதவர் உள்ளே இருப்பார். அரசுத் தரப்பு விசாரணைக்குத் தயாராக இல்லையென்றால், ஏ வகுப்பில் 30 நாட்களிலும் பி வகுப்பில் 15 நாட்களிலும் அவரைச் சொந்தப் பிணையிலோ (முன்பணம் கட்டாமல், தன் உறுதிமொழியின் பேரில்), ஜாமீன் தொகையைக் குறைத்தோ விடுவிக்க வேண்டும் என்று டெக்சஸ் குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. நல்ல பாதுகாப்புதான். ஆனால் அரசுத் தரப்பு தயாராக இருந்து, நீதிமன்றத்தில் தேதி இல்லாததால் வழக்கு நின்றுபோனால் இந்தப் பாதுகாப்பு உதவாது. அப்போது, குற்றத்தை ஒப்புக்கொண்டால் உள்ளே இருந்த நாட்களையே தண்டனையாகக் கழித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்ற வழி ஒன்று அவர் முன் வைக்கப்படலாம். செய்யாத குற்றத்தைக்கூட ஒப்புக்கொள்ள வைக்கும் வழி அது. வேலை விசாவில் இருப்பவருக்கு அந்த ஒப்புதல் பிறகு கிரீன் கார்டு வரைக்கும் தொடர்ந்து வரும். வழக்கு முடியாமல் கிடந்தாலும் விசா புதுப்பிக்கும்போது கேள்வியாக நிற்கும். நம் சமூகத்துக்கு இதில் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குடும்ப வழக்குகளின் நிலையும் இதுவே. விவாகரத்துக்குச் சட்டம் விதிக்கும் குறைந்தபட்சக் காத்திருப்பு 60 நாட்கள். பிள்ளை யாரிடம் இருப்பது என்ற தகராறு சேர்ந்துகொண்டால் அது எத்தனையோ மாதங்களாக நீளும். குடும்ப வழக்குகளையும் விசாரிக்கும் மாவட்ட நீதிமன்றம் சிறையிலிருப்பவரின் வழக்குக்கு முன்னுரிமை தருவது நியாயம். அதனால் பின்னுக்குப் போவது ஒரு குழந்தையின் பள்ளி ஆண்டு.

செலவுக்கு வருகிறேன். மாவட்ட நீதிபதியின் அடிப்படைச் சம்பளத்தை மாநிலம் தருகிறது. நீதிமன்ற அறை, ஊழியர்கள், காவலர், மொழிபெயர்ப்பாளர், வசதியற்றவர்களுக்கு அமர்த்தும் வழக்கறிஞர் என்று மற்றவை பெரும்பாலும் கவுண்டியின் பொறுப்பு. 2019இல் வந்த சட்டத்தின்படி, வாக்காளர் ஒப்புதல் இல்லாமல் கவுண்டி தன் நடைமுறைச் செலவுக்கான சொத்து வரி வருவாயை ஆண்டுக்கு 3.5 சதவீதத்துக்கு மேல் உயர்த்த முடியாது. ஆனால் புதிதாகக் கட்டப்படும் வீடுகளும் கடைகளும் தரும் வரி அந்த வரம்பில் சேராது. எந்த வளர்ச்சி வழக்குகளைக் கொண்டுவருகிறதோ அதே வளர்ச்சி பணத்தையும் கொண்டுவருகிறது. தவிர, விசாரணைக்காகக் காத்திருப்பவரைச் சிறையில் வைத்துச் சோறு போட்டு, மருத்துவம் பார்ப்பதும் கவுண்டியின் பணத்தில்தான். அந்தச் செலவை யாரும் நீதிமன்றத் தாமதத்தின் கணக்கில் எழுதுவதில்லை.

ஓய்வுபெற்ற நீதிபதிகளை வரவழைக்கலாம், துணை நீதிபதிகளை நியமிக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு கோடைகால நெரிசலுக்கு அது போதும். ஆண்டுக்கணக்கான தேவைக்கு, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வாக்காளர் முன் வந்து நிற்க வேண்டிய நீதிபதிதான் வேண்டும். அதேபோல, நீதிபதியை மட்டும் சேர்த்துவிட்டு, அரசு வழக்கறிஞர்களையும் எழுத்தர்களையும் சேர்க்காமல் விட்டால் புதிய அறை பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும். அப்படிச் செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன்.

புதிய இடத்தில் முதலில் அமர்பவர் பெரும்பாலும் தேர்தலில் வந்தவராக இருக்க மாட்டார். மாவட்ட நீதிமன்றம் என்றால் ஆளுநர் நியமிப்பார். கவுண்டி சட்ட நீதிமன்றம் என்றால் கவுண்டி நீதிபதியும் (பெயர் அப்படி இருந்தாலும் இவர் கவுண்டி நிர்வாகத்தின் தலைவர்) நான்கு கமிஷனர்களும் சேர்ந்த ஆட்சிமன்றம் நியமிக்கும். அந்த ஆட்சிமன்றம் கவுண்டியின் தலைமையிடமான மெக்கின்னியில் பொதுமக்கள் முன்னிலையில்தான் கூடுகிறது. யாரும் போய்ப் பேசலாம். நம்மில் குடியுரிமை பெற்றவர்களும் பெறாதவர்களும் அங்கே போய் இரண்டு விஷயங்களைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு சட்டமன்றக் கூட்டத்தொடருக்கும் முந்தைய ஆண்டு கோடையிலேயே, எந்த நீதிமன்றத்தில் எத்தனை வழக்குகள் எத்தனை மாதங்களாக நிற்கின்றன என்பதை எல்லோருக்கும் புரியும்படி வெளியிடுங்கள். புதிய நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்தவர்கள் யார், அவர்களில் ஒருவரை ஏன் தேர்ந்தீர்கள் என்பதை அதே கூட்டத்தில் எங்கள் முன் சொல்லுங்கள்.