ஜோவா விக்கிறவங்க ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிருவாங்க?

"அந்தக் கல்லை வெளிய எடுத்து ஒரு பானைல கொதிக்க வெச்சிருங்கண்ணே. எல்லாம் செத்துரும். அப்புறம் கழுவிட்டு திரும்ப டேங்க்ல போட்டுக்கலாம்."

கடல் மீன் தொட்டில வளக்கிற ஜோவாங்கிற பவளத்தை எனக்கு வித்த கடைக்காரர் ஃபோன்ல சொன்னது இது. நானும் நம்பி அடுப்புல தண்ணியை வெச்சுட்டேன். அம்மா வந்து பாத்துட்டு, "சோறு வடிக்கிற பானைலயாடா கடல் கல்லைப் போடுவ?"ன்னு சத்தம் போட்டு அடுப்பை அணைச்சாங்க. அம்மாவுக்கு அந்தக் கல்லு மேல இருந்த விஷம் பத்தியெல்லாம் தெரியாது, அவங்க கவலை பானையைப் பத்தி மட்டும்தான். அன்னிக்கு எங்க வீட்ல நாலு பேரைக் காப்பாத்துனது அந்தச் சண்டைதான். ராத்திரி உக்காந்து படிச்சப்பதான் விஷயம் புரிஞ்சுது. கை நடுங்கிருச்சு. இப்ப இதை எழுதும்போதும் வயிறு எரியுது.

தெரியாதவங்களுக்காக சொல்றேன். ஜோவாங்கிறது பட்டன் மாதிரி சின்னச் சின்ன வட்டமா, விளிம்புல குட்டி இழைகளோட, கல்லு மேல பாய் விரிச்ச மாதிரி வளர்ற பவள வகை. கல் எலும்புக்கூடு கிடையாது, மெத்துன்னு இருக்கும். பச்சை, ஆரஞ்சு, ஊதான்னு நீல லைட்ல பாத்தா கண்ணை எடுக்க முடியாது. இதுக்கு நெருங்கின சொந்தம் பேலி. கொஞ்சம் பெருசு, அனேகமா பழுப்பு நிறம், ஒடம்புக்குள்ளயே மணலைச் சேத்து வெச்சுக்கும். நான் வாங்குன ஜோவா கல்லோட மூலைல நாலஞ்சு பேலி ஓசில வந்துச்சு. ஒரே வருஷத்துல பாதிக் கல்லைப் பிடிச்சிருச்சு. என்ன பண்ணலாம்னு கேட்டதுக்குத்தான் அந்தப் பதில்.

அந்தப் பேலிக்குள்ள இருக்கறது பேலிடாக்சின். கடல்ல கிடைக்கிற விஷத்துலயே மிகக் கொடியதுல ஒண்ணு. நம்ம ஒடம்புல ஒவ்வொரு செல்லுலயும் சோடியத்தை வெளிய தள்ளி பொட்டாசியத்தை உள்ள இழுக்கிற ஒரு பம்ப் இருக்கு. இந்த விஷம் போய் அந்தப் பம்பைத் திறந்த ஓட்டையா மாத்திடும். தசை, இதயம், நுரையீரல்னு எதையும் விடாது. கொதிக்க வெச்சா அழியாது. ஆவியோட கிளம்புற துளில கலந்து நேரா மூச்சுக்குள்ள போகும். குளிர் காய்ச்சல், வாயில உலோகத்தை வெச்ச மாதிரி ஒரு கசப்பு, இருமல், மூச்சுத்திணறல், ஒடம்பு பூரா வலி. இதுக்குன்னு முறிவு மருந்து கிடையாது. எங்க வீடு ரெண்டு ரூம். சமையல்கட்டுக்கும் என் பொண்ணு தூங்குற இடத்துக்கும் நடுவுல ஒரு திரைச்சீலைதான்.

இது யாருக்கும் தெரியாத ரகசியமா? 1971லயே ஹவாய் பல்கலைக்கழக ஆளுங்க இந்த விஷத்தைப் பிரிச்செடுத்து சயின்ஸ் இதழ்ல எழுதிட்டாங்க. அதுக்கும் எவ்வளவோ காலம் முன்னாடியே ஹவாய்ல இருக்கிற மாவி தீவுல, ஹானாங்கிற ஊர்ப் பக்கத்து மக்களுக்கு இது தெரியும். அங்க ஒரு சின்னக் கடல் குட்டைல வளர்ந்த இதை 'ஹானாவின் கொல்லும் பாசி'ன்னு சொல்லி, ஈட்டி முனைல தடவியிருக்காங்க. அந்தக் குட்டைக்குப் போகவே தடை போட்டு, காவல் காத்த மாதிரி வெச்சிருந்தாங்க. கடையும் இல்லாம, பில்லும் இல்லாம, ஊர்க்காரங்க தொடாதேன்னு சொல்லி வெச்ச பொருள் இது. காசை எண்ணி வாங்குற மனுஷனுக்கு அந்த ஒரு வார்த்தை வாயில வரல!

2018ல இங்கிலாந்துல ஸ்டீவன்டன்ங்கிற ஊர்ல ஒரு வீட்டுல தொட்டியைச் சுத்தம் பண்ணப் பவளத்தை வெளிய எடுத்ததுல, அந்தக் குடும்பத்துல ஆறு பேரு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்கள் நாலு பேரும் கூடவே போனாங்க. வீட்ல மீன் வளக்கிறவங்களுக்கு நடந்ததுதான் இது.

எல்லா ஜோவாவுலயும் இவ்வளவு விஷம் இருக்குன்னு நான் சொல்லல. அமெரிக்காவுல கடைல விக்கிறதை வாங்கிச் சோதிச்சுப் பாத்தப்ப சில பேலில பயங்கரமா இருந்துச்சு, பல ஜோவாவுல கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல. ஆனா கண்ணால பாத்து எது எதுன்னு நீங்களும் நானும் சொல்லவே முடியாது. அதனாலதான் எல்லாத்தையும் ஒரே மாதிரி நடத்தச் சொல்றேன். டேங்க்ல கை விட்டா கையுறை. வெட்டும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, ஏன்னா வெட்டுன இடத்துலருந்து சாறு பீச்சும், கண்ணுல பட்டா கருவிழியே போயிரலாம். காய்ஞ்ச கல்லை பிரஷ் போட்டுத் தேய்க்கவே கூடாது. வேண்டாத கல்லையும் வெட்டுன கத்தியையும் ப்ளீச் கலந்த தண்ணில அரை மணி நேரமாவது ஊற வைக்கணும், அந்த விஷத்தை அதுதான் உடைக்கும். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா?

விஷத்தை விடுங்க, வளக்கறதைப் பத்தியாவது உண்மை சொன்னாரா? "பிகினர் கோரல்ணே, உப்புத் தண்ணி இருந்தாப் போதும்"னாரு. சென்னை வெயில்ல திறந்த தொட்டில ஒரே நாள்ல எவ்வளவு தண்ணி ஆவியாப் போகுதுன்னு அவருக்குத் தெரியாதா? தண்ணி போகும், உப்பு அப்படியே நிக்கும், அடர்த்தி 1.025லருந்து மேல ஏறும், ஜோவா மொத்தமும் மூடிக்கும். ஈடு கட்ட ஊத்துறது உப்பில்லாத ஆர்ஓ தண்ணியா இருக்கணும்னு எனக்கு யாரும் சொல்லல. நான் உப்புத் தண்ணியே ஊத்தி ஊத்தி ரெண்டு மாசம் அதுங்களை வதைச்சிருக்கேன். அதுக்கப்புறம் "தண்ணி சுத்தமா இருக்கணும்"னு சொல்லி ஃபில்டரும் மருந்துமா வாங்க வெச்சாரு. மீன் கழிவுலருந்து தண்ணில சேர்ற நைட்ரேட் பூஜ்யத்துக்குப் போச்சு. ஜோவாவுக்குக் கொஞ்சம் அழுக்கு வேணும், பட்டினி போட்டா சுருங்கிரும். என்னோடது பட்டாணி அளவுலருந்து கடுகு அளவுக்கு வந்துச்சு.

போன மாசம் ரஸ்தாங்கிற ஜோவா ரகத்துல ஒரு ஃப்ராக், அதாவது வெட்டுன சின்னத் துண்டு, வாங்குனேன். அதுல பன்னெண்டு வட்டம் இருந்துச்சு. "டிப் பண்ணியாச்சு, நேரா போடுங்க"ன்னாரு. டிப்னா ஒட்டியிருக்கிற பூச்சி சாக மருந்துத் தண்ணில முக்கி எடுக்கிறது. தினம் ஒண்ணு ரெண்டு காணாமப் போச்சு. ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்தா, ஜோவாவைத் தின்னு அதோட நிறத்தையே போத்திக்கிட்டு நூடிங்கிற ஓடில்லாத கடல் நத்தை ஒண்ணு உக்காந்திருக்கு. டிப் அந்த நத்தையைக் கொல்லலாம், சுருள் சுருளா ஒட்டியிருக்கிற முட்டையைக் கொல்லாது. முட்டையைத் தேடிச் சுரண்டணும், வாரத்துக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப டிப் பண்ணணும், அது வரைக்கும் தனித் தொட்டில வைக்கணும். ரஸ்தா இப்ப மூணு மிச்சம்.

பொறுக்க முடியாம நேத்து கடைக்கே போய்க் கேட்டேன். கொதிக்க வைக்கச் சொன்னீங்களே, எங்க வீட்ல குழந்தை இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்லன்னு. மனுஷன் என் முகத்தையே பாக்கல. "இதெல்லாம் சொன்னா யாருண்ணே வாங்குவாங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளுக்குப் பை கட்டப் போயிட்டாரு.

அடுத்த ஆளு ஒரு அப்பா. கூட ஏழெட்டு வயசுல ஒரு பையன், கண்ணாடில மூக்கை வெச்சு பச்சை ஜோவாவையே பாத்துட்டு இருந்தான். நான் அவங்ககிட்ட போய், "சார், இதை வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ஜோடி கையுறை வாங்குங்க"ன்னு ஆரம்பிச்சு, கடைக்காரர் காதுல விழற மாதிரி, ஒண்ணு விடாம சொன்னேன்.